வெள்ளம் வந்த வேளை

கெய்ரோ நகரில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் மூன்று சென்டிமீட்டர் தேறுவது அரிது. தெற்கே அஸ்வானில் மழையே காணாமல் ஆண்டுகள் ஓடிவிடும். அந்த எகிப்தில் இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள், ஏறக்குறைய எல்லோரும் நைல் நதியின் கரையிலும் கழிமுகத்திலும்தான். ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, அதனால் பிழைக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் பாலையில் பயிர் செய்யத் தண்ணீர் மட்டும் போதாது. அது எந்த வேளையில் வருகிறது, வடியும்போது எதை விட்டுச் செல்கிறது, எதைக் கழுவிச் செல்கிறது என்பதும் சேர்ந்துதான் அந்த நாட்டை வாழவைத்தது.

வெயில் கொளுத்தும் நிலத்தில் பாய்ச்சிய நீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். தெற்கு மெசொப்பொத்தேமியாவுக்கு நேர்ந்தது அதுதான். யூப்ரடீஸும் டைகிரிஸும் பனி உருகும் வசந்தத்தில், கதிர் முற்றி நிற்கும் நேரம் பார்த்துப் பெருகின. வெள்ளத்தை வயலுக்குள் விட வழியில்லை. கால்வாய் நீரிலேயே காலம் தள்ளியதில் நிலம் உப்பேறியது. நைலோ எத்தியோப்பிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையால் பெருகுவது. முன்பெல்லாம் அறுவடை முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும்போது வெள்ளம் எகிப்தை எட்டும். வரப்பு உயர்த்திய பெரும் பாத்திகளில் அதை ஒன்றரை மாதம்போலத் தேக்கிவைத்து, பிறகு ஆற்றுக்கே வடியவிடுவார்கள். உப்பு கரைந்து போகும், கறுத்த வண்டல் படிந்திருக்கும். அந்த ஈரத்தில் விதைத்த கோதுமை வசந்தத்தில் அறுவடையாகும்.

வெள்ளம் எப்போதும் கருணை காட்டியதா என்று கேட்பீர்கள். இல்லை. கெய்ரோவின் ரோடா தீவில் 861இல் கட்டிய நைல்மானி இன்றும் நிற்கிறது: ஆற்றோடு சுரங்கவழியால் இணைந்திருந்த ஆழக் கிணறு, நடுவே முழக்கணக்கு செதுக்கிய எண்பட்டைப் பளிங்குத் தூண். நீர் பதினாறு முழம் ஏறினால் நல்ல விளைச்சல், வரியும் அதைப் பொறுத்தே. ஏறாத ஆண்டுகளில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். 1970இல் முடிந்த அஸ்வான் உயர் அணை அந்தப் பயத்தைப் போக்கியது. 1980களில் எத்தியோப்பியா வறட்சியில் வாடியபோது எகிப்தைக் காத்தது அணைநீர்தான். இப்போது ஆண்டுக்கு இருபோகம், சில இடங்களில் முப்போகம். அணையைக் கட்டியது தவறு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, எனக்கும் வராது.

ஆனால் அணை நீரைக் காத்ததே தவிர, வெள்ளம் செய்த மற்ற வேலைகளை ஏற்கவில்லை. வண்டல் அணைக்குப் பின்னால் தேங்கிய நாசர் ஏரியின் அடியில் தங்கிவிடுகிறது, உழவர் உரம் வாங்குகிறார். வண்டல் வராத கழிமுகத்தின் ரஷீத் கடற்கரையைக் கடல் அரித்துத் தின்கிறது. உப்பை வடிக்கக் கழிமுக வயல்களுக்கு அடியில் குழாய் பதிக்க வேண்டியதாயிற்று. வடிந்த நீரையே மீண்டும் மீண்டும் பாய்ச்சுவதால், வடக்கே கடலை ஒட்டிய வயல்களுக்குப் போய்ச் சேர்வது உப்பு மிகுந்த நீர். நைல் நீரைப் பங்கிட்ட 1959 உடன்பாடு எகிப்துக்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர் என்று வகுத்தது. எத்தியோப்பியா நீல நைலில் கட்டிய புதிய அணை பற்றிய தகராறிலும் எவ்வளவு நீர் என்பதே பெரும் பேச்சு. அந்தக் கணக்கில், உப்பைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நீருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியாக வேண்டும். அதை வீண் என்று எழுதிவிட்டால், முதலில் தரிசாகப்போவது அந்த வடகோடி வயல்கள்தான்.