எடுத்தலும் படுத்தலும்



நமுனுகுலை மலையடியில் நான் வளர்ந்த லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா எங்களுடையது. நடுச்சுவர் கூரையை எட்டாது. இரவுச் சாப்பாடு முடிந்து படம் போடுவோம். கதாநாயகி தாயிடம் மெல்ல ஏதோ சொல்லுவாள், கேட்காது. அப்பா ஒலியைக் கூட்டுவார். மறுகணமே சண்டைக்காட்சி வெடிக்கும். சுவருக்கு அப்பால் பிள்ளை வீரிட்டழும். விடிந்தால் பெரட்டுக்குப் போகவேண்டிய அதன் தாய் எழுந்து உட்காருவாள். அப்பா கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, படம் முழுவதும் கூட்டுவதும் குறைப்பதுமாகவே இருப்பார். கதை அவருக்கு எட்டியதோ இல்லையோ!

குற்றம் அவருடையதன்று. படத்தின் ஒலி கொட்டகைக்கென்று அமைக்கப்படுவது. 1995இல் ‘குருதிப்புனல்’ டொல்பி ஒலியுடன் வந்த காலந்தொட்டு, நம் படங்களிலும் முணுமுணுப்புக்கும் முழக்கத்துக்கும் இடையிலான தூரம் விரிந்துகொண்டே வந்தது. ஆறு ஒலித்தடங்கள் கொண்ட படத்தில், உரையாடல் பெரும்பாலும் திரைக்குப் பின்னுள்ள நடு ஒலிபெருக்கிக்கு உரியது. அவ்வளவையும் தொலைக்காட்சியின் இரு சிறு ஒலிபெருக்கிகளுக்குள் அடக்கும்போது, பேச்சு இசைக்குள் அமிழ்ந்துவிடுகிறது.

நன்னூலார் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சொல்லுவார். எடுத்ததைச் சற்று அமுக்கி, படுத்ததைச் சற்று உயர்த்திவிட்டால் இரண்டும் நெருங்கிவிடும். வானொலி நிலையங்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இதுதான். இலங்கை வானொலியின் ஒலிச்சித்திரங்களை அடுப்படியில் சட்டிபானைச் சத்தத்துக்கிடையிலும் வசனம் தப்பாமல் கேட்டோமல்லவா? இன்று பல தொலைக்காட்சிகளிலும் ‘இரவு ஒலி’ என்ற பெயரிலோ வேறு பெயரிலோ இதற்கொரு வசதி உண்டு. ஒலி அமைப்புப் பகுதியில் ஒளிந்துகிடக்கும், தேடவேண்டும். ஆறு தடத்துக்குப் பதில் இரு தட ஒலியைத் தெரிவுசெய்தாலும் சிலவேளை பேச்சுத் தெளியும்.

இதில் இழப்பு இல்லையா? உண்டு. ‘மௌனராகம்’ (1986) போன்ற படத்தில் மௌனத்துக்கும் ஓர் எடையுண்டு. எல்லாவற்றையும் நிரவினால் அந்த எடை போய்விடும். காமன்கூத்தில் பாட்டெழும்போது தப்படிப்பவர் அடியைத் தாழ்த்துவார், பாட்டு ஓய்ந்ததும் ஓங்குவார். அது கேட்டறிந்து செய்யும் கை. கருவிக்கு அந்தக் காது கிடையாது.

ஆயினும் அடுத்த காம்பராவில் கொழுந்தெடுத்துக் களைத்தவள் உறங்கும் வேளையில், நான் நிரவலையே தெரிவுசெய்வேன். ஞாயிறு பகலில் அதை எடுத்துவிடலாம், தகரக் கூரையில் மழை இறங்காதிருந்தால்.