தகுதி என்னும் தாழ்ப்பாள்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



ஒன்றைப் பிறரிடம் கேட்கும்போது வழங்கும் சொற்கள் தமிழில் மூன்று. ஈ, தா, கொடு என்பன அவை. மூன்றும் ஒரே பொருளன போலத் தோன்றினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்று நில்லாது. கேட்பவன் தாழ்ந்தவனாயின் ஈ என்பான்; ஒத்தவனாயின் தா என்பான்; உயர்ந்தவனாயின் கொடு என்பான். இவ் வேறுபாட்டைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வரையறுத்து வைத்துள்ளார். கேட்கப்படும் பொருள் ஒன்றேயாயினும், கேட்பவனுக்கும் தருபவனுக்கும் இடையிலுள்ள நிலையைச் சொல் காட்டிக் கொடுத்துவிடுகின்றது.

ஓர் அரசு தன் குடிமக்களுக்கு உணவும் மருந்தும் வழங்கும்போது, குடிமகன் எந்தச் சொல்லால் கேட்பது முறை? தானும் தன் முன்னோரும் வரியாகத் தந்ததினின்று பெறுபவன் ‘தா’ என்று கேட்பதே முறை. அவனை ‘ஈ’ என்று கேட்க வைக்கும் சட்டங்கள் அமெரிக்க ஒன்றிய மாநிலங்கள் சிலவற்றில் அண்மைக் காலத்தே எழுந்தன. அவற்றின் வரலாறே இப் பொழிவின் பொருள்.

அந் நாட்டில் ஏழையர்க்கான பெருந்திட்டங்கள் இரண்டு. ஒன்று, 1964-இல் சட்டமான உணவுச்சீட்டுத் திட்டம். மற்றொன்று, 1965 சூலை 30-இல் குடியரசுத் தலைவர் இலிண்டன் சான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் தோன்றிய ‘மெடிக்கெயிடு’ என்னும் மருத்துவக் காப்பு. மருத்துவச் செலவை நடுவணரசும் மாநில அரசும் பகிர்ந்து கொள்கின்றன. இரண்டு திட்டங்களிலும் யார் பெறத்தக்கவர் என ஆய்ந்து பெயரெழுதுவதும் பெயரடிப்பதும் மாநில அலுவலகமே. தாழ்ப்பாள் அங்கேதான் இருக்கின்றது.

ஆர்க்கன்சா என்னும் மாநிலத்தைக் காண்க. அமெரிக்க நாட்டில் நெல் மிகுதியாக விளைவது அங்கேதான். கோழி இறைச்சி ஆலைகளும் நிறைந்த மண் அது. அதன் சட்டமன்றம் 2017 மே திங்களில் தனிக்கூட்டம் கூடி, மருத்துவக் காப்புப் பெறும் ஏழையர் உழைப்பைக் கணக்குக் காட்ட வேண்டும் என வகை செய்தது. நடுவணரசு 2018 மார்ச்சு 5-இல் இசைவளித்தது. சூன் முதல்நாள் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தைக் கொணர்ந்தோர் கூறியது இது: உடல் வலியுள்ளோர் உழைக்க வேண்டும், பொதுப்பணம் உரியவர்க்கே சேர வேண்டும். இதில் குற்றம் காண எவரும் விரும்பார். உழையாது உண்பவனைத் தமிழ்க் குமுகாயமும் மதித்ததில்லை. ஆகவே சட்டத்தை அதன் முகவுரையால் அளக்காமல், நடந்ததைக் கொண்டு அளப்பதே முறை.

முதற்கட்டமாக 30 முதல் 49 அகவை வரை உள்ளோர் திங்கள்தோறும் 80 மணிநேரம் உழைத்ததாகவோ, படித்ததாகவோ, தொண்டு செய்ததாகவோ, வேலை தேடியதாகவோ காட்ட வேண்டும். மூன்று திங்கள் தவறினால் அவ்வாண்டு முடியும்வரை காப்பு இல்லை. எங்கே காட்டுவது? இணையப் பக்கம் ஒன்றில் மட்டுமே. அஞ்சலில் ஏலாது, நேரிற் சென்று தாளில் எழுதித் தரவும் ஏலாது. தொலைப்பேசி வழி திறக்கப்பட்டது அவ்வாண்டு திசம்பரில்தான். அதற்குள் பல்லாயிரவர் பெயர் அடிபட்டுவிட்டது. இணையத்தில் நுழைய மின்னஞ்சல் முகவரியும், மடலில் வந்த குறியெண்ணும் வேண்டும். இணைய வாய்ப்பில் அந் நாட்டிலேயே பின்தங்கிய மாநிலங்களுள் அதுவும் ஒன்று.

இன்னொன்று கேட்டால் நகைப்பும் வரும், சினமும் வரும். அவ் விணையப் பக்கம் இரவு 9 மணிக்கு அடைபட்டுக் காலை 7 மணிக்கே திறந்தது. பொறிக்கு உறக்கம் எதற்கு? பகலெல்லாம் ஆலையில் நின்று இரவில் வீடு சேரும் தொழிலாளி, தான் உழைத்தேன் என்று சொல்ல வரும் வேளையில் கதவு மூடிக் கிடந்தது!

செபுத்தம்பரில் முதன்முறையாக 4,353 பேர் காப்பை இழந்தனர். ஆண்டு முடிவிற்குள் அவ் வெண்ணிக்கை 18,000-ஐக் கடந்தது. கட்டளைக்கு உட்பட்டோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். இவர்கள் அனைவரும் சோம்பிக் கிடந்தோர் என்றால் சட்டம் வென்றது எனலாம். ஆர்வர்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர் தொலைப்பேசி வழி வினவி 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கூறிற்று. கட்டளைக்கு உட்பட்ட அகவையினருள் 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் முன்னரே அவ்வளவு உழைத்து வந்தவர்கள், அல்லது நோய் முதலிய கரணியங்களால் விலக்குப் பெறத்தக்கவர்கள். சட்டத்தால் வேலையில் இருப்போர் தொகை கூடவில்லை. மூவரில் ஒருவர் அப்படி ஒரு கட்டளை இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

அஞ்சலில் மடல் வந்திருக்கும். படித்திருக்க வேண்டும் என்பார் உளர். மொழியால் ஆளப்படுவது என்ன என்பதை அறிந்த தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆர்க்கன்சாவில் ஆள்வோர் மொழியும் ஆங்கிலம், மக்களுள் பெரும்பாலோர் மொழியும் ஆங்கிலம். ஆயினும் அலுவலக ஆங்கிலம் ஆலைத் தொழிலாளிக்கு அயன்மொழியே. ஒரு மொழிக்குள்ளேயே ஆள்வோர் மொழி, ஆளப்படுவோர் மொழி என இரண்டு உண்டாகிவிடுகின்றன. தமிழகத்து அலுவலகங்களில் தமிழ் எழுதுவோரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

வழக்கு மன்றம் ஏறியவருள் ஒருவர் கோழி இறைச்சி ஆலையில் உழைத்தவர், நுரையீரல் நோயர். ஒருமுறை பதிந்தால் போதும், திங்கள்தோறும் பதிய வேண்டா என எண்ணிவிட்டார். மருந்துக் கடைக்குச் சென்ற நாளில்தான் தம் காப்பு நீங்கியதை அறிந்தார். மருந்தின்றி நோய் முற்றியது; வேலைக்குச் செல்ல இயலாமல் வேலையும் போயிற்று. உழைப்பை வளர்க்க வந்த சட்டம் உழைத்துக் கொண்டிருந்தவரை வேலையற்றவர் ஆக்கியது. அவர் ஒருவர் மட்டுமல்லர். காப்பை இழந்தோருள் 56 விழுக்காட்டினர் செலவுக்கு அஞ்சி மருத்துவத்தைத் தள்ளிப் போட்டனர் என 2020-இல் வந்த தொடராய்வு கூறுகின்றது.

2019 மார்ச்சு 27-இல் நடுவர் சேம்சு போசுபெர்க்கு அவ் விசைவைத் தள்ளினார். ஏழையர்க்கு மருத்துவக் காப்பு அளிப்பதே மெடிக்கெயிடின் நோக்கம். எத்துணைப் பேர் காப்பை இழப்பர் என்பதையே எண்ணாமல் இசைவளித்தது தவறு என்பது தீர்ப்பின் உட்பொருள். 2020 பிப்பிரவரியில் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது.

இனி உணவு. 2023 சூன் முதல்நாள் அயோவா மாநில ஆளுநர் கிம் இரேனால்ட்சு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் வந்த அதன் முதல் வரைவு, உணவுத்துணை பெறுவோர் வெள்ளரிசியோ புத்திறைச்சியோ வாங்கலாகாது என்று கூடச் சொல்லியது. எதிர்ப்பு எழவே அப் பகுதி நீக்கப்பட்டது. பிறன் அடுக்களைக்குள் கைவிடத் துணிந்தவர்கள் அவ்வளவில் விட்டுவிடவில்லை. 15,000 தாலருக்கு மேல் கையிருப்பும் உடைமையும் உள்ள குடும்பத்திற்கு உணவுத்துணை இல்லை என்றாயிற்று. குடியிருக்கும் வீடும் ஓர் ஊர்தியும் கணக்கில் சேரா. பெறுவோரின் வருவாயையும் அடையாளத்தையும் மீண்டும் மீண்டும் துருவும் ஏற்பாடும் மருத்துவக் காப்பு உட்பட எல்லாவற்றிற்கும் வந்தது. இத் துருவலுக்கு 218 புதிய அலுவலர் வேண்டும் எனச் சட்டமன்றத்தின் கணக்காய்வகமே மதிப்பிட்டது. மழைக்காலத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்தவன், வேலை போன நாளில் அதனை முற்றும் கரைத்த பின்னரே வரிசையில் நிற்கலாம்!

அன்று உணவுத்துணையின் பணம் முழுதும் நடுவணரசுடையது. ஒரு பெயரை அடிப்பதால் அவ் வுணவுக்கென மாநிலக் கருவூலத்தில் ஒரு தாலரும் மிஞ்சாது. மாநில உரிமை வேண்டும் என்போர் இதனைக் கேட்க விரும்பார். ஆயினும் கேட்க வேண்டும். மாநிலத்தின் கையிலிருந்த உரிமை அம் மாநில மக்களுக்கே எதிராகத் திரும்பியது. ஆர்க்கன்சாவில் அதற்கு இசைவளித்ததும் நடுவணரசு, தடுத்து நிறுத்தியதும் நடுவண் வழக்கு மன்றம்.

ஆர்க்கன்சாவில் வீழ்ந்த அந்த 80 மணிக் கணக்கு, 2025 சூலை 4-இல் கையெழுத்தான நடுவணரசுச் சட்டத்தில் மீண்டும் எழுந்தது. மெடிக்கெயிடை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விரிவாக்கிய மாநிலங்களில், அவ் விரிவில் காப்புப் பெறும் 19 முதல் 64 அகவையினர்க்கு அது 2027 சனவரி முதல்நாளுக்குள் நடைமுறையாக வேண்டும். உணவுத்துணைக்கும் உழைப்புக் கணக்குக் காட்ட வேண்டிய அகவை 54-இலிருந்து 64 வரை நீண்டது. உழைப்புக் கட்டளையால் மட்டும் 2034-க்குள் 50 இலக்கம் பேரளவில் காப்பிழப்பர் என்பது அந் நாட்டு நாடாளுமன்றக் கணக்கு அலுவலகத்தின் மதிப்பீடு.

நாடாளுமன்றமே எழுதிவிட்டமையால் போசுபெர்க்கின் தீர்ப்பு இனித் துணை நில்லாது. எஞ்சியிருப்பது மாநிலங்கள் தெரிந்தெடுக்கும் வழிமுறை. புதிதாகக் காப்புக் கேட்பவர் முன்னதாக ஒரு திங்கள் உழைப்பைக் காட்டினால் போதுமா, மூன்று திங்கள் காட்ட வேண்டுமா என்பதை மாநிலமே முடிவு செய்யலாம். அரசிடம் முன்னரே உள்ள கூலிக் கணக்குகளைத் தானே பார்த்துப் பதிந்து கொள்வதா, அன்றித் தொழிலாளியையே அலைய விடுவதா என்பது பெரிதும் மாநில அலுவலகத்தின் முனைப்பைப் பொறுத்தது. தாளில் எழுதித் தரலாமா, தொலைப்பேசியில் சொல்லலாமா, மடல் எந்த நடையில் எழுதப்படும், இணையப் பக்கம் இரவில் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்னும் கேள்விகள் ஒவ்வொரு மாநிலத் தலைநகரிலும் கேட்கப்பட வேண்டியவை.