யார் வீட்டு வாசலில் பார்த்தது?

'இந்தம்மா எப்போது முடிப்பார், பிள்ளைகள் நடனம் எப்போது' என்று பெற்றோர்கள் கடிகாரம் பார்க்கிறார்கள். நடனத்துக்கு முன் முடித்துவிடுகிறேன்.

சங்கச் செயலாளர் அழைத்து, "நீங்கள் கதை சொல்லியே பொருள் விற்கிறீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். பாராட்டா, புகாரா என்று எனக்கு விளங்கவில்லை. நம் ஊரில் கதை சொல்வது ஒன்று, கதை விடுவது இன்னொன்று. தொழில் தொடங்கிய புதிதில் நான் கதை விட்டுத்தான் விற்றேன். மாட்டியும் கொண்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மன்னார்குடிக்காரி. லண்டனுக்கு வந்து 16 வருடம் ஆகிறது. லினோலியத் தகட்டில் கோலத்தைச் செதுக்கி, மை உருட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் அச்செடுக்கிறேன். சமையலறைத் துண்டு, தலையணை உறை, துணிப்பை, இவ்வளவுதான் சரக்கு. பட்டறை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. இரவு எட்டு மணிக்கு மேல், சாதப் பருக்கைகளைத் துடைத்த பிறகுதான் அது பட்டறை ஆகும். லினோவில் உளி வெட்டிய இடத்தில் மை ஏறாது. வெட்டிய கோடு துணியின் வெள்ளையாக நிற்க, சுற்றிலும் காவி நிற மை படியும். செம்மண் பூசிய வாசலில் மாவுக்கோலம் போட்ட மாதிரியே வரும். சிக்குக் கோலம் என்றால் ஒரு தகட்டுக்குப் பதினோரு மணி நேரம். கடைசி நிமிடத்தில் உளி வழுக்கினால், இல்லாத இடத்தில் ஓர் இழை முளைத்துவிடும். தகடு குப்பைக்கு.

கோலங்களெல்லாம் என் அம்மாவின் கோல நோட்டிலிருந்து வருபவை. இங்கே பலர் வீட்டில் அப்படியொரு நோட்டு இருக்கும். பழைய கணக்கு நோட்டு, கட்டம் போட்ட தாள், நீலப் பேனா, ஓரங்களில் எண்ணெய்க் கறை.

முதல் சந்தைக்குத் துண்டுகளோடு ஒரு சின்ன அட்டையும் அடித்தேன். "எங்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக வழிவழியாக வரும் கோலம்." ஏழு என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஐந்து சிறிதாகத் தெரிந்தது, பத்து அதிகமாகத் தெரிந்தது.

மதியம் ஒரு பெரியவர் வந்தார். நம்மவர், எழுபது வயதிருக்கும். துண்டை விரித்தார், அட்டையைப் படித்தார், மறுபடி துண்டைப் பார்த்தார். "ஏம்மா, இது எண்பதுகள்ல வாரப் பத்திரிகையில மார்கழி இணைப்பா வந்த கோலமாச்சே. நானே எங்க வாசல்ல போட்டிருக்கேன்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலில் குத்தல் இல்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

அன்றிரவு நோட்டை எடுத்தேன். அத்தனை நாள் கோலங்களை மட்டுமே பார்த்திருந்தேன். கோலத்துக்கு அடியில் அம்மா பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்ததில்லை. ஒன்றின் கீழே, "போஸ்ட்மாஸ்டர் வீட்டு வாசலில் பார்த்தது, தை." இன்னொன்றின் கீழே, "டீச்சரம்மா வீடு. கேட்டு வாங்கியது." சந்தையில் என் மானத்தை வாங்கிய கோலத்தின் கீழே, "புத்தகத்தில் வந்தது. ஒரு புள்ளி தப்பு. திருத்தியது."

அது இடைப்புள்ளிக் கோலம். நடுவில் 13 புள்ளி, இருபுறமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 7 வரை போக வேண்டும். நான்காவது வரிசையில் 10 வர வேண்டிய இடத்தில் பத்திரிகையில் 9 அச்சாகியிருக்கிறது. சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி குறைந்தால் இழை சேராது, வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். விடியற்காலை இருட்டில், கையில் மாவோடு குனிந்து நின்ற அம்மா அந்த வாலைப் பார்த்திருக்கிறாள். எங்கே பிசகு என்று எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் படித்தது எட்டாம் வகுப்பு.

ஏழு தலைமுறையைக் கிழித்துப் போட்டேன். புது அட்டையில் இப்படி எழுதினேன்: "1980களில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த கோலம். அதில் ஒரு புள்ளி தவறு. என் அம்மா திருத்தினாள்."

அடுத்த சந்தையில் என்ன நடந்தது தெரியுமா? அட்டையைப் படித்தவர்கள் எல்லோரும் துண்டை விரித்துப் புள்ளி எண்ணினார்கள். தமிழர்கள், வெள்ளைக்காரர்கள், ஒரு பள்ளிக்கூடப் பையன். "எந்தப் புள்ளி?" என்று கேட்டார்கள். நானும் விரல் வைத்துக் காட்டினேன். எண்ணியவர்கள் எல்லோரும் வாங்கிவிடவில்லை. ஆனால் ஏழு தலைமுறையைப் படித்துவிட்டு ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்பதற்கு அதில் எதுவும் இல்லை.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். கைத்தொழில் செய்பவர் தன் கதையைச் சொல்லத்தான் வேண்டும். அது அம்மா பென்சிலில் எழுதிய குறிப்பைப் போல இருக்கட்டும். எங்கே பார்த்தது, யாரிடம் வாங்கியது, எது தப்பாயிற்று, யார் திருத்தியது. இவ்வளவு போதும்.

யாரை நினைத்துச் சொல்வது என்பதற்கு, நாம் வாழும் இந்த ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பீட்டர் ராபிட் முயலை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைப் படைத்த பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893 செப்டம்பரில், நோயில் கிடந்த ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதினார். பாட்டருக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையின் மகன் அவன். எழுத வேறு செய்தி இல்லாததால் ஒரு முயல் கதையைப் படம் போட்டு எழுதினார். பீட்டர் என்ற பெயரில் அவரே ஒரு முயலும் வளர்த்தார். சில ஆண்டுகள் கழித்து அதைப் புத்தகமாக்க நினைத்தபோது, அந்தக் கடிதத்தையே பையனிடம் இரவல் வாங்கித்தான் வேலையைத் தொடங்கினார். பதிப்பாளர்கள் மறுத்தார்கள். 1901 டிசம்பரில் தன் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார். அடுத்த ஆண்டு ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 1903இல் முயல் பொம்மைக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். வியாபாரத்தில் அவர் கெட்டிக்காரர். ஆனால் கதை பிறந்தபோது அவர் கண்முன் சந்தை இல்லை, படுக்கையில் ஒரு பையன் இருந்தான். நீங்கள் அட்டை எழுதும்போதும் 'வாடிக்கையாளர் பெருமக்களுக்கு' என்று எழுதாதீர்கள். தெரிந்த ஒருவரை மனத்தில் வைத்து எழுதுங்கள். நான் அந்தப் பெரியவரை வைத்துத்தான் எழுதுகிறேன். பொய் தானாக நின்றுவிடுகிறது.

இன்னொருவர் பஜ்ஜு ஷியாம். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர். 2002இல் இங்கே இஸ்லிங்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்ட வந்தார். திரும்பிப் போய், தான் பார்த்த லண்டனை வரைந்தார். சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று அதை வெளியிட்டது. அதில் பிக் பென் கடிகாரம் ஒரு சேவலோடு சேர்ந்து நிற்கும். அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே? பாதாள ரயில் மண்ணுக்குள் நெளியும் புழு. நாமும் தினமும் அதே ரயிலில்தான் போகிறோம். அவர் லண்டனையே தன் ஊர்க் கண்ணால் பார்த்தார். நமக்கோ நம் பிழைப்புக் கதையைக்கூட அடுத்தவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் பழக்கம் உண்டு. 'பண்டைய', 'மர்மமான', 'ஆன்மிக' என்று அட்டையில் எழுதுகிறோமே, நம் வீட்டில் யாராவது கோலத்தை மர்மம் என்று சொன்னதுண்டா? 'பால்காரர் வருவதற்குள் போட்டு முடி' என்றுதான் சொன்னார்கள்.

பொருளோடு அதன் உண்மைக் கதையையும் சேர்த்துத் தருவது நம் ஊரிலும் புதிதில்லை. பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்யும்போது மணமக்கள் பெயரையும் நாளையும் கோரையிலேயே நெய்து தருவார்கள். தனியாக அட்டையே வேண்டாம், பாயே பேசும். கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலையோடு, நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டை வைத்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சேலையைப் பிரிக்கும்போது ஒரு முகம் நம்மைப் பார்க்கும். அதற்குப் பிறகு அதைச் சாதாரணமாக மடிக்க வராது.

இனி, சொல்லியே ஆக வேண்டும் என்றில்லாததைப் பற்றியும் பேச வேண்டும். இந்த மண்டபத்து வாசலில் ஒரு தங்கை பனையோலைப் பெட்டி விற்கிறார். அவர் வேர் யாழ்ப்பாணத்தில். ஒரு சந்தையில் ஒருவர் அவரிடம், "உங்கள் குடும்பம் போரில் பட்டதை இந்த அட்டையில் எழுதினால் இரண்டு மடங்கு விலைக்குப் போகும்" என்று ஆலோசனை சொன்னாராம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். தங்கை நீத்துப்பெட்டியைக் கையில் எடுத்து, "அம்மம்மா இதுக்குள்ளதான் புட்டு அவிக்கிறவ. அவ்வளவுதான் எழுதுவன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் எழுதியும் இருக்கிறார். போய்ப் பாருங்கள்.

எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் துயரைச் சொல்வதா, வேண்டாமா என்பது அவரவர் உரிமை. ஆனால் ஒரு பெட்டியை விற்பதற்காகச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். புட்டு நன்றாக அவிகிறது என்று வாங்குபவர் அக்காவுக்கும் ஒன்று வாங்குவார்.

தொழில் தொடங்கும் இளையவர்களுக்குச் சில யோசனைகள். வேலை செய்யும் மேசையை இருப்பது போலவே படமெடுங்கள். உளியை மல்லிகைப் பூவோடு அடுக்கி வைக்க வேண்டாம். வீணான பொருளையும் காட்டுங்கள். நான் வழுக்கிய தகடுகளை மேசையோரம் அடுக்கி வைக்கிறேன். அதைப் பார்த்தவர்கள் விலையைக் குறைக்கச் சொல்வதில்லை. எத்தனை மணி நேரம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வேறொருவரிடம் கற்றிருந்தால் அவரையும் சொல்லுங்கள். காணொளி பார்த்துக் கற்றிருந்தால் அதையும் சொல்லலாம், வெட்கமில்லை. கடைசியாக, கதையில் வருபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. அது என் இரண்டாவது தப்பு.

அட்டைகள் 500 அடித்து வந்த பிறகுதான், இது அம்மாவின் கதையாயிற்றே, அவளிடம் கேட்கவில்லையே என்று உறைத்தது. மன்னார்குடிக்கு அழைத்தேன். அட்டையைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபமோ என்று பயந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு புள்ளி இல்லடி, ரெண்டு" என்றாள்.

"நோட்டுல ஒண்ணுன்னுதானே எழுதியிருக்கே?"

"மேல்பக்கம் ஒண்ணு விட்டிருந்தான், அதை எழுதினேன். கீழ்ப்பக்கமும் அதே வரிசையில ஒண்ணு விட்டிருந்தான். அது மறுநாள் போடறப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள நோட்டைப் பரண்ல வச்சுட்டேன்."

வாசலில் என் மேசையில் துண்டுகள் இருக்கின்றன. 500 அட்டைகளிலும் 'ஒரு புள்ளி' என்பதைப் பென்சிலால் அடித்து 'இரண்டு' என்று எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.