விடை தெரிந்த பின் விடுகதை

(குன்றத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



விடுகதைக்கு விடை சொன்னவுடன் "பூ, இவ்வளவுதானா?" என்று சொல்லாதவர் நம்மில் யார்? பேடெண்ட் என்கிற காப்புரிமை விவகாரத்தில் வரும் பெரிய மயக்கமும் இதுவேயாகும்.

ஒருவன் ஒரு இரசாயன முறையைக் கொண்டுவந்து, "20 வருஷத்துக்கு என்னைத் தவிர வேறொருவரும் இதைச் செய்யக்கூடாது" என்கிறான். சட்டம் அவனைக் கேட்பதென்ன? இது அத்தொழில் தெரிந்தவனுக்குத் தானாகவே தோன்றக்கூடியதா, அல்லவா என்பதுதான். தொழில் தெரிந்தவன் என்றால் மேதாவியுமல்ல, ஒன்றுமறியாதவனுமல்ல. நூலுக்குச் சாயம் போடுகிறவரைப் பாருங்கள். படிகாரத்தில் ஊறவைத்தால் சாயம் பிடிக்குமென்று அவருக்குத் தெரியும். ஒருவன் வந்து, "கால் மணி அதிகம் ஊறவைத்தேன், நிறம் சற்று அழுத்தமாயிற்று" என்றால் அவர் சிரிப்பார். அதே ஆள், சாயக்காரர் எல்லோரும் நிற்காது என்ற சாயத்தைச் சூடே காட்டாமல் நிற்கச் செய்துவிட்டால்? அப்போது சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. அந்த வழி பழைய ஏடுகளில் கிடந்ததா, பலிக்கும் என்று நம்ப முகாந்திரம் இருந்ததா என்று, மனுப் போட்ட நாளில் நின்றுகொண்டு பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துச் சங்கதிக்கு வருவோம். இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப் மெசிலேட்டின் "பீட்டா" படிகத்துக்கும் அதைச் செய்யும் முறைக்கும் நோவார்டிஸ் கம்பெனி 1998-ல் சென்னையில் மனுப் போட்டது. முந்திய ஸிம்மர்மன் பேடெண்டிலிருந்து தோன்றக்கூடியதே என்றும், வேறு காரணங்களாலும், 2006 ஜனவரியில் சென்னை அதிகாரி தள்ளினார். 2009-ல் மேல்முறையீட்டு வாரியமோ தோன்றக்கூடியதல்ல என்றது! செய்முறைக்கு உரிமை தரலாம், பொருளுக்கு 3(டி) பிரிவு இடங்கொடாது என்றது. 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட் கம்பெனியின் அப்பீலைத் தள்ளி, எதிர்த்தவர்களின் அப்பீலை ஏற்றது.

ஒரே காகிதம், இரண்டு இடத்தில் இரண்டு பதில். யாராவது முட்டாளா? இல்லை. மருந்தை உப்பாக்கலாம் என்பது பழைய பேடெண்டில் இருந்தது. பீட்டா படிகம் உறையும் என்று அதில் இல்லை. உறையவைத்துப் பார்ப்பது தொழிலாளியின் வழக்கமான வேலையா, கண்டுபிடிப்பா என்பதில்தான் தகராறு.

அந்நாளில் கம்பெனி மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. நம் நாட்டார் செய்தது 8,000 முதல் 10,000 ஆக இருந்தது. "நோயாளிக்காகத் தோன்றக்கூடியது என்று சொல்லிவிடலாமே" என்கிறார் ஒரு தோழர். கூடாது, தோழரே! விலைக்குச் சட்டத்தில் வேறு கதவு உண்டு. 2012-ல் பேயர் கம்பெனியின் நெக்ஸவார் மருந்தைச் செய்ய நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுத்தார்கள். பேடெண்டை ரத்து செய்யவில்லை. மாதம் சுமார் 2,80,000 ரூபாய் மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது.