கடற்கரைப் பிள்ளைகளும் உயிரியற் கல்வியும்

(சங்கத்தின் கல்வி நிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தமிழ்ப் பண்டிதனுக்கு உயிரியலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று தங்களுட் சிலர் கருதலாம். தொல்காப்பிய மரபியலில் உயிர்கள் அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுக்கப்பட்டிருப்பதையும், நத்தை ஈரறிவிலும் நண்டு நான்கறிவிலும் வைக்கப்பட்டிருப்பதையும் ஆண்டுதோறும் வகுப்பில் வியந்து வியந்து சொல்லி வருபவன் நான். அவ்வாறு சொல்லிவிட்டு, அதே உயிர்களைக் கற்க விரும்பிய ஒரு பிள்ளையை நானே தடுத்துவிட்டேன். அதனைத் தங்கள் முன் வெளிப்படையாகச் சொல்லவே வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி, நீட் தேர்வை இருமுறை எழுதியும் மருத்துவக் கலாசாலையில் இடம் பெறவில்லை. அதன்பின் பொன்னேரி மீன்வளக் கலாசாலையில் சேர ஆசைப்பட்டாள். அவள் தந்தையார் காசிமேட்டில் விசைப்படகுக்குச் செல்பவர். அவர் என்னிடம் வந்து, “ஐயா, மீனைப் பற்றி எனக்குத் தெரியாததை அங்கே என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்?” என்று கேட்டார். நானும் நகைத்து, அவர் சொன்னதே சரி என்றேன். நம் சங்கத்தின் உபகாரச் சம்பளமும் மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டுக்கே உரியதாய் இருந்தபடியால் பேச்சு அத்துடன் முடிந்தது. அப்பெண் இப்பொழுது ஒரு கடையில் கணக்கெழுதி வருகிறாள். அந்த வேலையில் இழிவு ஒன்றுமில்லை. ஆயினும் அவள் விரும்பியது அதுவன்று.

அந்தத் தந்தையாரின் கேள்விக்கு நான் அன்றே விடை தேடியிருக்க வேண்டும். வஞ்சிரம் எப்பருவத்தில் எத்திசையில் வரும், நீரின் நிறம் மாறினால் எவ்வலையை இடுவது என்பவற்றை அவர் அறிவார். எந்தப் பேராசிரியரும் அவருக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் 1990-களின் நடுவில் இறாற் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் புகுந்தபோது, நேற்று வரை துள்ளிய இறால்கள் சில நாட்களில் குளம் குளமாக மடிந்தன. அது ஒரு வைரஸால் வருவது. கண்ணுக்கு நலமாய்த் தோன்றும் தாய் இறாலின் உடலிலும் அது ஒளிந்திருந்து குஞ்சுகளுக்குச் செல்லும். அதன் மரபுப் பொருளின் சிறு துண்டைக் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையால் அல்லது அதனை முன்னரே கண்டறிதல் அரிது. கடலறிவு எத்துணைப் பெரிதாயினும் இஃது ஆய்வுசாலையில் மட்டுமே கற்கத்தக்கது.

அக்கல்வி நமக்கு எட்டாத தொலைவிலும் இல்லை. திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி வண்டியேறி, எண்ணூரும் மீஞ்சூரும் கடந்தால் பொன்னேரி. அங்குள்ள கலாசாலை, 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட மீன்வளப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. மாதவரத்திலோ, 1989-இல் தோன்றிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக் கழகம் இருக்கிறது. அதன் மூத்த கலாசாலை வேப்பேரியில் 1903-இல் தொடங்கியது. பொன்னேரியில் நான்கு ஆண்டுப் படிப்பு. நீட் வேண்டுவதில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே கணக்கு. மீனின் உடலியக்கம், நுண்ணுயிர், நோய், நீரின் இயல்பு, பதனிடும் முறை எல்லாம் கற்பித்து, இறுதியாண்டில் மாணவரை ஊர்களுக்கும் தொழிலகங்களுக்கும் அனுப்புகிறார்கள். சிறிய பல்கலைக் கழகந்தானே என்று முகஞ்சுளிப்பார் உண்டு. பெரிய கலாசாலைகளில் ஆசிரியர் பெயரறியாமலே பட்டம் பெற்று வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆதலால் சிறுமையை நான் குறையாக எண்ணவில்லை.

2017 ஜனவரியில் எண்ணூருக்கருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் பரந்தபோது, நம்மவரே படகுகளில் சென்று அதனைக் கையால் அள்ளினார்கள். செவுளில் எண்ணெய் படிந்த மீன் மூச்சு முட்டி இறப்பதைக் கண்டவர் பலர். பின்னர் வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அக்காலத்தில் அறிக்கை ஒன்றன் சில பக்கங்களை ஒருவர் என்னிடம் கொண்டுவந்து, “படித்தவராயிற்றே, பொருள் சொல்லுங்கள்” என்றார். நீரிலும் சேற்றிலும் இன்ன இன்ன பொருள் இவ்வளவு என்று பட்டியல் பட்டியலாக இருந்தது. அந்த அளவு மீனின் உடலுக்கு எவ்வளவு கேடு, எத்தனை நாளில் நீங்கும், இப்போது பிடிப்பதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பவையே அவர் அறிய விரும்பியவை. இலக்கணம் முற்றக் கற்ற நான் வாய் மூடி நின்றேன். நம் தெருவில் அதை விளக்கவல்ல பிள்ளை ஒருவர்கூட இல்லை. அப்போதுதான் அப்பெண்ணின் நினைவு வந்து என்னைச் சுட்டது.

மருத்துவப் பட்டம் இல்லையேல் உயிரியல் வீண் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. யல்லாப்பிரகட சுப்பாராவ் என்பார் நம் சென்னை மருத்துவக் கலாசாலையிற் பயின்றவர். முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் குறைந்த பட்டமே பெற்றவர். அமெரிக்கா சென்று நோயாளிகளைப் பார்க்காமல் ஆய்வுசாலையிலேயே வாழ்நாளைக் கழித்து 1948-இல் மறைந்தார். 1947-இல் வெளிவந்த யானைக்கால் நோய் மருந்து அவர் தலைமையில் உழைத்தோர் கண்டது. அந்த மாத்திரையை இன்றும் அரசாங்கத்தார் வீடுதேடிக் கொடுக்கிறார்கள். வீங்கிய காலுடன் திண்ணையில் அமர்ந்திருந்த முதியோரை இராயபுரத்தில் இளமையிற் கண்ட எனக்கு, அதனைத் தந்தவர் ஊசி குத்தும் டாக்டராக இல்லாமற் போனது குறையாகத் தோன்றவில்லை.

வேலை கிடைக்குமா என்பீர்கள். உறுதியென்று நான் சொல்லேன். மீன்வளத் துறை, குஞ்சு பொரிப்பகம், ஏற்றுமதி நிலையம், வங்கி, ஆராய்ச்சி என வழிகள் உண்டு. எங்கும் போட்டியும் உண்டு. பொறியியல் படித்தோர்க்கு மட்டும் வேலை காத்துக் கிடக்கிறதா என்பதைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளையே கேட்டறியலாம்.

உபகாரச் சம்பள விதியில், “மருத்துவம், பொறியியல்” என்னுமிடத்தில் “உயிரியல் சார்ந்த பட்டப் படிப்புகள்” என்னும் சொற்களையும் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கூடுதற் பணம் கேட்கவில்லை. இருப்பதையே பகிர்ந்தளித்தல் போதும். இவ்வாண்டு பொன்னேரியில் இடம் பெற்றுள்ள நம் பிள்ளை ஒருவனுடைய விண்ணப்பம் என் பையில் இருக்கிறது. விதியில் இடமில்லை என்று காரியதரிசி அவர்கள் சென்ற வாரம் திருப்பித் தந்தது அது. கட்டணம் செலுத்த இன்னும் ஒன்பது நாள் தவணை உண்டு. அதனைத் தலைவர் அவர்கள் கையிற் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.