மயிலாடி காட்டும் வழி



இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒலிபெருக்கி வைத்து நற்செய்தி கூறும் கூட்டங்களுக்குக் குறைவில்லை. நம்மவருள் ஒருவர் இப்பணியைச் செய்த விதம் வேறு.

கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் குலத்தவர். சிதம்பரம் யாத்திரை சென்ற அவர், தஞ்சையில் போதகர் கோலாப் அவர்களிடம் உபதேசம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பிச் சுற்றத்தாருக்குத் தாமே கற்பித்தார். எதிர்ப்பு எழுந்தது, அவர் விடவில்லை. மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல்தான். வெள்ளையர் வருமுன்னரே அங்கு ஒரு சிறு கூட்டம் விசுவாசத்தில் இருந்தது என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

திருவிதாங்கூரில் தலைவரியும் கட்டாய ஊழியமும் மக்களை நசுக்கிய காலம் அது. அவற்றிலிருந்து தப்பலாமென நாடி வந்தோர் பலர். அத்தகையோர்க்கு ரிங்கல்தௌபே அவசரப்பட்டு ஞானஸ்நானம் தரவில்லை, கற்பித்துக் காத்திருந்தார். பள்ளியும் வைத்தார். 1816இல் அவர் புறப்பட்டபோது, பொறுப்பை ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடமே.

இன்று நிலைமை தலைகீழ். 1950ஆம் ஆண்டு ஆணையின்படி, கிறிஸ்தவராகும் நம்மவர் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்கிறார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் நீங்கிய தடை, கிறிஸ்தவருக்கு இன்னும் நீங்கவில்லை. இது அநீதியே. ஆயினும், துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ நம்முடன் உழைக்கும் தோழனுக்கு நற்செய்தி கூறுவோர் இதனை மறைத்தல் ஆகாது. அவன் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் இதிலுள்ளன. அவன் கேள்வி கேட்கட்டும். வீட்டாருடன் கலந்து பேசட்டும். ஆண்டுகள் ஆயினும் நாம் அவனுடன் இருப்போம்.