கூடாரம் தைத்தது போதும், ஐயா!

நடுவர் அவர்களே, சபையோரே!

"ஊழியம் அழைப்பு, அதைச் சம்பள வேலையாகத் தேடிப் போகக் கூடாது" என்று எதிரணித் தலைவர் முழங்கினார். நீங்களும் கை தட்டினீர்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வங்கிக் கணக்கில் வந்து விழுகிற மனிதருக்கு அடுத்தவன் சம்பளம் அசிங்கமாகத்தான் தெரியும்!

நிமிடத்துக்கு ஒரு தரம், "பவுல் கூடாரம் தைத்தார், கூடாரம் தைத்தார்" என்றார். தைத்தார் ஐயா, யார் இல்லை என்றது? கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கித் தைத்தார். அப்போஸ்தலர் 18-இல் மூன்றாம் வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டீர்களே, ஐந்தாம் வசனம் வரை போனால் விரல் சுளுக்கிக்கொள்ளுமா? மக்கெதோனியாவிலிருந்து சீலாவும் தீமோத்தேயுவும் வந்ததும் பவுல் பிரசங்கத்திலேயே மூழ்கிவிட்டார். ஊசி எங்கே போனது? மக்கெதோனியாவிலிருந்து உதவி வந்துவிட்டது! "உங்களுக்கு ஊழியம் செய்ய மற்றச் சபைகளிடம் சம்பளம் வாங்கினேன்" என்று கொரிந்தியரிடம் அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டாம் நிருபம், 11-ஆம் அதிகாரம். கொரிந்தியரிடம் கை நீட்டாதது பவுலின் பெருந்தன்மை. அதை நம் கஞ்சத்தனத்துக்குப் போர்வை ஆக்குவதா?

பதவிக்கு ஆசைப்படுவதே தப்பாம்! சபைக் கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் யார்? அதே பவுல்தான்!

நம் ஊர்க் கதைக்கே வருவோம். மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் கால் வைத்தது டென்மார்க் மன்னர் செலவில். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு இரவில் மொழிபெயர்த்திருந்தால், தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்திருக்குமா?

சரி, சம்பளத்தை நிறுத்திவிடுவோம். அப்புறம் யார் சபைப் போதகராக, ஐயராக ஆவது? நாலு தலைமுறைச் சொத்து உள்ளவர் ஆவார். கூலி வேலை பார்க்கிற தகப்பனின் மகன், எவ்வளவு பெரிய அழைப்பு இருந்தாலும், ஆலய வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பான். இதுவா உங்கள் பரிசுத்தம்?

இன்னொன்று. சம்பளக்கார ஐயருக்குக் கமிட்டி உண்டு, தணிக்கை உண்டு, இடமாற்றம் உண்டு. கேள்வி கேட்கலாம். "நான் பைசா வாங்குவதில்லை" என்கிறவரிடம் யார் கேட்பது? சபை அவர் பேரில், நிலம் மனைவி பேரில், அடுத்த பிரசங்கியார் அவர் மகன்!

நடுராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டால் ஐயர் ஓடி வரவேண்டும். விடிந்தால் அடக்க ஆராதனை, சாயங்காலம் கல்யாணம், ராத்திரி கமிட்டிச் சண்டை. மாதக் கடைசியில் அவர் பிள்ளையின் ஸ்கூல் பீஸுக்கு மட்டும், "ஜெபம் பண்ணுங்க ஐயரே"!

நடுவர் அவர்களே, கூலி வாங்கினால் புனிதம் கெட்டுவிடும் என்பவர்கள், இன்றைக்கு இந்த மேடையில் தரப்போகும் கவரைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும். போட்டால் நான் தோற்றேன். போடாவிட்டால் தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதிவிடுங்கள்!